எசமானின் ஆலையும் நமது மகிழ்ச்சியும்

நம்மை அடக்கி ஆண்டவனின் தொழில் அழிந்துபட்டால் நாம் மகிழலாமா? இவ்வினாவிற்கு விடை கூறுமுன், வீழ்ந்தவன் யார், எழுந்தவன் யார் என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். அறியாது கொள்ளும் பகை பிறர் கையில் ஆயுதமாவதுபோல, அறியாது கொள்ளும் மகிழ்ச்சியும் பிறர் கையில் ஆயுதமாகிவிடும். இதனை ஆராய்வதற்குப் பிரித்தானிய மோட்டார்க் கார்த் தொழிலின் வரலாறு ஏற்றதோர் உரைகல்லாகும்.

1950ஆம் ஆண்டில் உலகின் வேறெந்த நாட்டையும்விட அதிகமான கார்களை ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியா. 1948 அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர், 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. 1972இல் அந்நாட்டின் கார் உற்பத்தி 19 இலட்சத்தைத் தாண்டி உச்சநிலை எய்தியது. அதன்பின் சரிவு தொடங்கிற்று. 1968இல் பல கம்பனிகள் ஒன்றிணைந்து உருவான பிரிட்டிஷ் லேலண்ட், 1975இல் முறிந்துவிடும் நிலையில் அரசின் கைக்கு வந்தது. பின்னர் ரோவர் என்னும் பெயர் பெற்று, 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் கம்பனிக்கும், 1994இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனிக்கும் கைமாறியது. 2000இல் அதன் பெரும்பகுதி வெறும் பத்துப் பவுணுக்கு விற்கப்பட்டது. 2005 ஏப்ரலில் பேர்மிங்ஹாம் நகரின் லோங்பிரிட்ஜ் ஆலை நின்றபோது ஏறக்குறைய 6,000 தொழிலாளர் வீதிக்கு வந்தனர். இதனிடையே, 1970களின் முடிவிலேயே பிரித்தானியாவில் விற்பனையான புதிய கார்களுட் பாதிக்கு மேற்பட்டவை இறக்குமதியாகிவிட்டன.

இவ்வரலாற்றின் விளைவை மாத்தளை மாவட்டத்திலேயே காணலாம். தம்புள்ளையிலிருந்து ஹபரணை செல்லும் பெருவீதியில் இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியாவை அடையலாம். மலையடிவாரத்தில் உல்லாசப் பிரயாணிகளை இறக்கிவிட்டு நிற்கும் வான்கள் ஜப்பானியவை. முச்சக்கர வண்டிகளும், யானை பார்க்கச் செல்வோரை ஏற்றும் ஜீப்புகளிற் பலவும் இந்தியாவில் உருவானவை. பஸ் வண்டியின் முகப்பில் ‘லேலண்ட்’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். ஆனால் இந்த லேலண்டின் பிறப்பிடம் சென்னையை அடுத்த எண்ணூர். 1948இல் ஒஸ்டின் கார்களைப் பொருத்துவதற்கெனத் தொடங்கப்பட்டு, 1955இல் லேலண்டின் பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட கம்பனி அது. மாணவர் குழுவொன்றுடன் அங்குச் சென்றபோது, வெள்ளைக்காரப் பிரயாணிகள் வானிலிருந்து இறங்குவதைப் பார்த்த மாணவன் ஒருவன், “சேர், வெள்ளைக்காரனே இப்ப ஜப்பான் வேன்லதான வாரான்!” என்றான். மற்றவர் சிரித்தனர். அச்சிரிப்பில் ஒரு சரித்திரக் கணக்குத் தீர்ந்துவிட்டதுபோன்ற திருப்தி இருந்தது.

அத்திருப்தி முற்றிலும் நியாயமற்றதென்று கூறுவதற்கில்லை. பிரித்தானியக் கார் நமது நாட்டிற்கு வந்தது அதன் தரம் ஒன்றினால் மட்டுமன்று. 1932இல் ஒட்டாவா மாநாட்டில் வகுக்கப்பட்ட சாம்ராச்சியச் சலுகை முறை, குடியேற்ற நாடுகளின் சந்தையைப் பிரித்தானியப் பொருள்களுக்கு வசதியாகத் திறந்து வைத்தது. தோட்டத்துத் துரையின் பங்களா வாயிலில் நின்ற ஒஸ்டின் காரின் விலையை உண்மையிற் கொடுத்தவள், அதில் ஒரு நாளேனும் ஏறியறியாத கொழுந்து பறிக்கும் பெண். மாத்தளையின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் கப்பலேறியதனாலேயே கார்கள் கப்பலிலிருந்து இறங்கின. மொறிஸ் மைனர் உலகிற்குக் காட்டப்பட்ட அதே 1948ஆம் ஆண்டின் இறுதியிலேதான் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. இக்கணக்கை அறிந்தவன் எசமானின் வீழ்ச்சியைக் கண்டு கண்ணீர் வடிக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்க முடியாது.

ஆயின் வீழ்ந்தவன் எசமான்தானா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

லோங்பிரிட்ஜில் வேலையிழந்தவர்கள் பெயின்ட் அடித்தவர்கள், கதவு பொருத்தியவர்கள், எஞ்சின் கடைந்தவர்கள். தகப்பனும் மகனும் ஒரே ஆலையில் உழைத்த குடும்பங்கள் அவர்களுடையவை. அவ்வாலையின் கடைசி ஐந்தாண்டுகளில் அதனை நடத்திய ஐந்து மேலதிகாரிகளோ, சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் 4 கோடியே 20 இலட்சம் பவுண் எடுத்துக்கொண்டனர் என்று 2009இல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கை கூறுகின்றது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். யானையின் சொந்தக்காரனுக்கு அது பொருந்தும். பாகனுக்கு யானை இறந்த நாளோடு பிழைப்பும் போயிற்று.

சீகிரியாவில் வழிகாட்டிகள் காசியப்பன் உயர்ந்த கதையையும் வீழ்ந்த கதையையும் சுவைபடச் சொல்வார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் அவ்வரசனோடு தலைநகரமும் மலையைவிட்டு அநுராதபுரத்திற்குத் திரும்பியது. அகழி வெட்டியவரும் செங்கல் சுமந்தவரும் அதன்பின் எங்குச் சென்றனர்? கதையில் அதற்கு இடமில்லை. ‘பிரித்தானியத் தொழிலின் வீழ்ச்சி’ என்று நாம் பேசும்போதும் இதே பிழை நேர்கின்றது. ‘வீழ்ச்சி’ என்ற சொல் மழை, இடி போன்ற இயற்கை நிகழ்ச்சியொன்றைக் குறிப்பதுபோல் ஒலிக்கின்றது. தீர்மானித்தவன் அச்சொல்லுக்குள் மறைந்துகொள்கிறான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அத்தொழிலை அழித்தவர்கள் தொழிலாளரே. ஓயாத வேலைநிறுத்தங்களாலும் ஒழுங்கற்ற வேலையாலும் தம் சோற்றில் தாமே மண்ணை அள்ளிப் போட்டனர் என்பதே அது. 1970களில் வேலைநிறுத்தங்கள் மலிந்திருந்தன என்பதும், ஒரே ஆலையில் பல சங்கங்கள் தம்முள் முரண்பட்டன என்பதும், பழுதுள்ள கார்கள் வெளிவந்தன என்பதும் உண்மைகளே. தொழிலாளர் பக்கம் நிற்கிறோம் என்பதற்காக இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இவை முழு உண்மையுமல்ல. 1975இல் அரசு நியமித்த ரைடர் குழுவின் அறிக்கையே, பிரிட்டிஷ் லேலண்ட் ஈட்டிய இலாபத்தின் பெரும்பகுதி பங்குதாரருக்குப் பகிரப்பட்டு, ஆலைகள் பழைய இயந்திரங்களுடன் விடப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. இறக்குமதியான கார்களிற் கணிசமானவற்றைக் கொண்டுவந்தோர் போர்ட், வொக்ஸ்ஹால் போன்ற கம்பனிகளே. பிரித்தானியாவில் ஆலை வைத்திருந்த அவை, ஐரோப்பாவிலிருந்த தம் வேறு ஆலைகளிலிருந்து கார்களை வரவழைத்து விற்றன. அந்நியன் வேலையைப் பறித்தான் என்று தொழிலாளியிடம் சொல்லப்பட்டபோது, பறித்த கைகளில் ஒன்று அவனுக்குச் சம்பளம் கொடுத்த கையாகவே இருந்தது. 1986இல் ஜப்பானின் நிசான் கம்பனி இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் நகரில் ஆலை திறந்தது. கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரிச் சுரங்கங்களும் நலிந்த அவ்வட்டாரத்து ஆண்களும் பெண்களும் அங்கே தரமான கார்களைச் செய்து காட்டினர். அங்குத் தொழிலாளரின் குரலுக்கு எவ்வளவு இடமிருந்தது என்பது வேறு வினா. ஆங்கிலத் தொழிலாளி சோம்பேறி என்ற வாதம் மட்டும் அவ்வாலையில் நொறுங்கிப்போயிற்று.

1975ஆம் ஆண்டை மீண்டும் நினைவிற் கொள்வோம். பிரித்தானிய அரசு லேலண்டைப் பொறுப்பேற்ற அதே ஆண்டில், இலங்கை அரசு பிரித்தானியக் கம்பனிகளின் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1988இல் அங்கே ரோவர் தனியாருக்குச் சென்றது. 1992இல் இங்கே தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இரு நாடுகளிலும் உடைமையாளன் மாறினான், கொடி மாறியது, கடிதத்தாளின் தலைப்பு மாறியது. பேர்மிங்ஹாமில் கதவு பொருத்தியவனையோ, மாத்தளையில் கொழுந்து பறித்தவளையோ எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடல்களாலும் நிறத்தாலும் பிரிக்கப்பட்ட இவ்விருவருக்கும் பொதுவானது ஒன்றுண்டாயின், தம் உழைப்பின் விதியைத் தீர்மானிக்கும் மேசையில் இருவருக்கும் ஆசனமில்லை என்பதே.

ஆசியாவின் வெற்றி என்று கூறி மகிழ்வோரும் உளர். 2008இல் இந்தியாவின் டாட்டா கம்பனி ஜாகுவார், லாண்ட்ரோவர் ஆகிய இரு பெயர்களையும் போர்டிடமிருந்து 230 கோடி டொலருக்கு வாங்கியபோது, அடிமைப்பட்டிருந்தவன் ஆண்டானின் தேரையே விலைக்கு வாங்கிவிட்டான் என்று பலர் பூரித்தனர். அதே 2008இல், அதே டாட்டாவின் சிறிய கார் ஆலைக்கென மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் கையகப்படுத்தப்பட்ட விளைநிலத்தைத் திருப்பிக் கேட்டு விவசாயிகள் போராடினர். அக்டோபரில் கம்பனி அங்கிருந்து விலகியது. அக்கையகப்படுத்தல் செல்லாதென 2016இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாராவில், மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் காரைச் செய்த ஆலை 2014இல் நின்றது; லோங்பிரிட்ஜ் தொழிலாளிக்கு நேர்ந்தது வங்காளத் தொழிலாளிக்கும் நேர்ந்தது. இந்நிலையில் ‘நாம் வென்றோம்’ என்ற வாக்கியத்திலுள்ள ‘நாம்’ யார்?

இவ்வினா சீகிரியாவின் வயல்களிலேயே எழுகின்றது. தம்புள்ளை, கலேவெலை, சீகிரியா வட்டாரங்களில் பெரிய வெங்காயம் பயிரிடுவோர், அறுவடைக் காலத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து குவியும்போது விலை சரிந்து வாடுகின்றனர். 1977இல் இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் பட்ட பாட்டையும் நாம் அறிவோம். அவ்வேளைகளில் நாம் சிரிக்கவில்லை. நம் விவசாயியின் துயரம் நமக்குத் துயரமாகவும், லோங்பிரிட்ஜ் தொழிலாளியின் துயரம் நமக்கு வேடிக்கையாகவும் தோன்றுமாயின், நம் அறம் கடற்கரையோடு முடிந்துவிடும் அறமாகும். இந்தியாவின் வெங்காய விவசாயியும் நம் எதிரியல்லன். விலை வீழும் ஆண்டுகளில் அவனும் தன் விளைச்சலை வீதியிற் கொட்டுகிறான்.

அவ்வாறாயின் இறக்குமதியே தீதா? அன்று. நோயாளிக்கு மருந்தும், மாணவனுக்கு நூலும், ஊருக்கு பஸ் வண்டியும் எங்கிருந்து வந்தாலும் நன்றே. கேட்க வேண்டியது, அதன் விலையை யார் செலுத்துகிறார், யாருடைய தேவைக்காக என்பதே. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதையும் இடைநிறுத்தியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு காருக்கும் வேண்டிய டொலரை ஈட்டித் தருவோர் தேயிலைத் தோட்டத்துப் பெண்களும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும், வளைகுடா நாடுகளில் பிறர் வீட்டில் பணிபுரியும் பெண்களுமே. ஒஸ்டின் போய் டொயோட்டா வந்தது. விலை கொடுப்பவள் மாறவில்லை.

ஒரு செய்தி நமக்கு நம்பிக்கையூட்டுவதாக உள்ளது. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்று பல்லாண்டுகளான பின்னரும் மொறிஸ் மைனர் இலங்கை வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறு கராஜ்களில் தகரம் தட்டியும் உதிரிப்பாகம் கடைந்தும் அதனை உயிரோடு வைத்திருப்போர் நம் தொழிலாளர். 1990களில் அதன் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் உண்டு. ஒரு நாட்டின் தொழிலாளி உருவாக்கியதை மறுநாட்டின் தொழிலாளி பேணி வந்திருக்கிறான். இவ்விருவருக்குமிடையே வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. அறிமுகமில்லாத ஒரு கூட்டுறவே இருக்கிறது.

ஆகவே, மாணவனின் சிரிப்பைக் கண்டிப்பது ஆசிரியரின் கடமையன்று. அவனுக்கு அச்சிரிப்பிற்கான உரிமையைச் சரித்திரம் கொடுத்திருக்கிறது. ஆனால் அவனைச் சிரிப்போடு விட்டுவிடுவதும் கடமை தவறுதலே. எங்கோ ஓர் ஆலை மூடப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, தீர்மானித்தவர் யார், கேட்கப்படாதவர் யார், இழந்தவர் யார் என்று மூன்று வினாக்களை எழுப்ப அவனைப் பழக்குவோம். அவ்வினாக்களுக்கு விடை தேடிச் செல்பவன் பேர்மிங்ஹாமிலும், ஹூக்ளியிலும், மாத்தளையிலும் ஒரே முகத்தைக் காண்பான். அம்முகத்தைக் கண்டபின்னும் அவன் சிரிப்பானா என்பதை அவனிடமே விட்டுவிடலாம்.