கேட்பவனின் கடன்

முதலையின் வாயில் அகப்பட்ட கஜேந்திரன் துதிக்கையை உயர்த்தி ஆதிமூலத்தை அழைத்தபோது, அந்த அழைப்பு வைகுண்டத்தை எட்டுமோ எட்டாதோ என்ற சந்தேகம் கதை சொல்பவருக்கும் எழுவதில்லை, கேட்பவருக்கும் எழுவதில்லை. இடையே எத்தனை யோஜனை தூரம், எத்தனை மலை, எத்தனை கடல் என்று பௌராணிகர் கணக்கிடுவதில்லை; கேட்பது இறைவனுடைய சுபாவமாதலால் அந்தக் கணக்கு அங்கே வேண்டியதில்லை. மனிதர் விஷயம் வேறு. நம் செவி எல்லைக்கு உட்பட்டது. கருவிகளைக் கொண்டு அந்த எல்லையை எவ்வளவு நீட்டினாலும் எங்கேனும் ஓரிடத்தில் அது நின்றே தீரும். ஆகவே, பிறனொருவனை நெருப்புக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் அதிகாரி, 'அவன் கூப்பிட்டால் எனக்குக் கேட்கும்' என்று நம்புவது போதுமா, அல்லது அந்த நம்பிக்கைக்கு முன்கூட்டியே ஆதாரம் தேடிக்கொள்வதும் அவனுடைய கடமையில் சேர்ந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. பார்வைக்கு இது யந்திர சாஸ்திரத்தைச் சேர்ந்த வினா. என் எண்ணத்தில் தர்ம சாஸ்திரத்தைச் சேர்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் ஊரின் தீயணைப்புப் படைக்குப் புதிய வானொலி அமைப்பு ஏற்படுத்தும்போது, அதை ஒப்புக்கொள்ளுமுன் ஒரு பரிசோதனை நடத்துவது வழக்கம். ஊரின் வரைபடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் வண்டியில் சென்று, கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலிமையை அளப்பதோடு, செவிகொடுத்துக் கேட்டுப் பேச்சின் தெளிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்ணும் இடுகிறார்கள். பொதுவாக வற்புறுத்தப்படும் மதிப்பெண் 3.4, 'என்ன சொன்னீர்?' என்று திரும்பக் கேட்க வேண்டிய அவசியம் அபூர்வமாகவே நேரும் என்பது அதன் பொருள். நிலப்பரப்பில் 95 சதவீதத்தில் இந்தத் தெளிவு கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல ஒப்பந்தங்களில் காணலாம். கட்டிடங்களின் உட்புறத்துக்கும் விதி உண்டு. அந்நாட்டு ஊர்கள் பல தழுவிக்கொண்டுள்ள தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, ஒவ்வொரு மாடியையும் ஏறத்தாழச் சமமான 20 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நின்று, அலை வருகிறதா, போகிறதா என்று சோதிக்கிறார்கள்.

வருகிறதா என்பதும் போகிறதா என்பதும் ஒன்றல்ல என்பதே இந்தப் பரிசோதனையின் நுட்பம். கோபுரத்தின் குரல் பலமுள்ளது; தீயணைப்பு வீரன் இடுப்பில் செருகியிருக்கும் கைக்கருவியோ சுமார் ஐந்து வாட் சக்தி மட்டுமே உடையது. ஆகையால், மேலிடத்தின் கட்டளை கணீரென்று காதில் விழும் அதே நிலவறையிலிருந்து அவன் எழுப்பும் அபயக்குரல் வாசலைக்கூட எட்டாமல் போகலாம். கட்டளை கேட்பதால், தன் குரலும் கேட்கும் என்று அவன் எண்ணிக்கொள்கிறான். அந்த எண்ணமே அவனுக்குப் பகையாகிறது. வண்டியின் கூரையில் ஆண்டெனாவை நாட்டி வீதியில் ஓடிக்கொண்டே எடுக்கும் அளவு, புகையில் தவழ்கிறவனுடைய, அல்லது மயங்கி விழுந்து கருவியைத் தன் உடலுக்கடியிலேயே அமுக்கிக்கொண்டவனுடைய நிலையைச் சொல்லாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பழைய அனலாக் கருவியில், தொலைவு மிக மிகக் குரல் படிப்படியாக இரைச்சலில் அமிழும். கேட்பவனுக்கு எச்சரிக்கை கிடைக்கும். டிஜிட்டல் கருவியில் குரல் ஓர் எல்லைவரை தெளிவாக ஒலித்து, அதற்கப்பால் திடீரென்று ஒன்றுமில்லாமற் போய்விடும். அன்றியும், மனிதப் பேச்சைப் பொறுக்கியெடுத்துச் சுருக்கி அனுப்புமாறு அமைந்த டிஜிட்டல் கருவி, அருகில் ரம்பம் ஓடினாலும், காற்றுப்புட்டி தீர்ந்துவருவதை அறிவிக்கும் மணி அடித்தாலும், எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரிக்கமாட்டாமல் இரண்டையும் கலந்து சிதைத்துவிடக்கூடும். அபாயம் உச்சத்தை அடையும் தருணத்தில்தான் இரைச்சலும் உச்சத்தை அடைகிறது. அமைதியான அறையில் நடத்திய பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

இனி, அந்த 95 என்ற எண்ணைப் பற்றிச் சிறிது நின்று யோசிக்க வேண்டும். நூற்றில் ஐந்து பங்கு செவிட்டு நிலமாக இருக்கலாம் என்று நகரசபை கையொப்பமிடுகிறது. அந்த ஐந்து பங்கில் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் ஒரு கிழவி இருப்பாள், ஒரு நாள் அங்கே நெருப்புப் பிடிக்கும். அவளைத் தேடி உள்ளே செல்பவனுக்கு 95 என்பதும் ஐந்து என்பதும் இல்லை. அவன் நிற்கும் இடத்தில் கேட்கும், அல்லது கேட்காது. சதவீதம் என்பது வாசலில் நிற்பவனுக்கு உரிய கணக்கு. உள்ளே இருப்பவனுக்கு அது முழுமையாகவே நேர்கிறது. இதைக் கண்டு, எண்ணைக் கொண்டு உயிரை அளப்பதே பாபம் என்று கோபிப்பவர்கள் உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. கடைசி ஐந்து பங்கையும் நிரப்பக் கோபுரத்துக்கு மேல் கோபுரமாக எழுப்பிக்கொண்டே போகும் ஊர், ஏணிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஆள் சம்பளத்துக்கும் பணமில்லாமல் நிற்கும். எல்லை உள்ள பிராணிகள் எல்லை உள்ள ஏற்பாடுகளைத்தான் செய்ய முடியும், அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது, அந்த ஐந்து பங்கு எங்கே இருக்கிறது என்று அறியாமலிருப்பதும், அறிந்தும் உள்ளே செல்பவனுக்குச் சொல்லாமலிருப்பதுமே. வேதாந்திகள் அவித்தையைப் பந்தத்தின் வேர் என்பார்கள். அது பாரமார்த்திக விஷயம். லௌகிகத்தில், விலக்கிக்கொள்ளக்கூடிய அறியாமையை விலக்கிக்கொள்ளாதிருப்பதற்குப் பெயர் அசிரத்தை என்றே நான் கொள்வேன்.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியின் கதையை நாம் பெரும்பாலும் தண்டனையின் பொருட்டே சொல்லுகிறோம். மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் நடுநிலை நம் மனத்தைக் கவ்விக்கொள்வதால், அதற்கு முந்திய செயலை மறந்துவிடுகிறோம். கன்றை இழந்த பசு வந்து மணியை அசைத்தது என்றால், மணியின் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அரசனுடைய பாஷை பசுவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லாதபடி, எந்த உயிர் அசைத்தாலும் ஒரே ஓசையாக அந்தப்புரம்வரை கேட்கும் ஒரு சாதனத்தை அவன் முன்னமேயே வாயிலில் தொங்கவிட்டிருந்தான். முறையீடு பிறக்குமுன் அதைக் கேட்கும் ஏற்பாடு பிறந்துவிட்டது. நீதி வழங்கியதைவிட இதை நான் பெரிதாகக் கருதுகிறேன் என்றால் பெரியபுராணத்தில் ஊறியவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

நியூயார்க்கிலும் அப்படியொரு மணி கட்டப்பட்டிருந்தது. உலக வர்த்தக மையத்தில் 1993-இல் குண்டு வெடித்தபோது, அவ்வளவு உயரமான கட்டிடங்களுக்குள் தீயணைப்புப் படையின் கைக்கருவிகள் சரிவரப் பேசவில்லை என்பது வெளிப்பட்டது. அதன் பயனாக, குரலை வாங்கிப் பெருக்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் என்னும் சாதனம் அந்த வளாகத்தில் அமைக்கப்பட்டது. அந்த வளாகத்தின் இரட்டைக் கோபுரங்களில் விமானங்கள் மோதிய 2001 செப்டம்பர் 11 காலை அது பழுதின்றியே இருந்தது. அதை இயக்க ஒரு பொத்தான், வடக்குக் கோபுரத்தின் கூடத்திலிருந்த தலைமைப் பேசுகருவியிலிருந்து பேச இன்னொரு பொத்தான் என்று இரண்டு இருந்தன. முதலாவது அழுத்தப்பட்டது, இரண்டாவது அழுத்தப்படவில்லை. ஒன்பது மணி ஐந்து நிமிஷ அளவில் சோதித்துப் பார்த்த தலைவர்கள், ஒலி வராததைக் கண்டு சாதனமே கெட்டுவிட்டது என்று முடிவு செய்து வேறு அலைவரிசைக்கு மாறினார்கள். தெற்குக் கோபுரத்திலோ அதே சாதனம் வேலை செய்தது. ஓரியோ பால்மர் என்ற படைத்தலைவர் 78-ஆம் மாடிவரை ஏறி அங்கிருந்து பேசினார். ஆபத்துக் காலத்தில் புகையும் கூச்சலும் சூழ நின்றவர்கள்மீது ஒரு பொத்தானின் பொருட்டுப் பழி சுமத்துவது எனக்கு உடன்பாடல்ல. கை தானாகவே தேடிப்போகும் அளவுக்குப் பழகாத கருவியை அவசரத்தில் ஒருவன் கையில் கொடுப்பது, அதைக் கொடுக்காமலிருப்பதற்கு மிகவும் அருகில் உள்ள செயல் என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

அந்தக் கூடத்தில் அன்று மைக்கல் ஜட்ஜ் என்ற பிரான்சிஸ்கன் துறவியும் இருந்தார். தீயணைப்புப் படையின் குருவானவர். அவருடைய பிரார்த்தனைக்கு ரிப்பீட்டர் தேவைப்படவில்லை. ஒன்பது மணி ஐம்பத்தொன்பது நிமிஷத்துக்குத் தெற்குக் கோபுரம் சரிந்தபோது பாய்ந்த இடிபாட்டில் அவர் உயிர் நீத்தார். அன்று இறந்தோர் பட்டியலில் முதல் எண் அவருக்கு இடப்பட்டது. மேலே ஒருவன் கேட்கிறான் என்று உறுதியாக நம்பியவரும், மாடிப்படிகளில் தம் வீரர்கள் கேட்கிறார்களா என்று அறியாமல் தவித்தவர்களும் சில அடி தூரத்தில் நின்றிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, பக்தி இந்தத் தவிப்புக்கு மாற்று ஆகாது என்றும், இந்தத் தவிப்பு பக்திக்கு விரோதமும் ஆகாது என்றும் எனக்குப் படுகிறது.

அப்பால், வடக்குக் கோபுரத்துக்கு எஞ்சியிருந்தது அரைமணி நேரத்துக்கும் குறைவு. பத்து மணி எட்டு நிமிஷத்துக்குப் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்த விமானி, அது நெடுநேரம் நில்லாது என்று தம் வானொலியில் அறிவித்தார். அந்தச் செய்தி தீயணைப்புப் படையின் தலைவர்களை எட்டவில்லை. பத்து இருபத்தெட்டுக்குக் கோபுரம் விழுந்தது. இரண்டு துறைகளின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால், நிகழ்ச்சியை ஆராய்ந்த விசாரணைக் குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, இரு துறைகளும் தத்தம் காரியத்தில் தாமே சுதந்திரர் என்று கருதிவந்ததையும், சேர்ந்து நின்று ஒரே தலைமையில் வேலை செய்யப் பழகியிராததையும் குறிப்பிடுகிறது. பின்னர் அந்நாட்டு அரசாங்கம் பல துறைகள் கூடிப் பேசுவதற்கென ஏற்படுத்திய வழிகாட்டுமுறையில் ஐந்து அங்கங்கள் உண்டு: நிர்வாகம், நடைமுறை, தொழில்நுட்பம், பயிற்சி, அன்றாட உபயோகம். கருவி இந்த ஐந்தில் ஒன்றுதான். மற்ற நான்கும் மனிதர்களுடைய மனத்தைச் சேர்ந்தவை. பத்து என்ற எண்ணில் தொடங்கும் சங்கேதங்களை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு துறையும் வெவ்வேறு பொருளில் வழங்கிவந்ததால், பலர் கூடும் இடங்களில் சங்கேதம் விட்டு நேர்பேச்சே பேசவேண்டும் என்று கட்டளையிட நேர்ந்தது. சொந்தச் சங்கேதத்தைக் கைவிடுவதில் இவ்வளவு தயக்கம் ஏன் என்று கேட்டால், அகங்காரம் என்பதைத் தவிர வேறு விடை எனக்குக் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கில் செலவிட்டுப் பொது அலைவரிசை வாங்கிவிடலாம். பக்கத்து ஊர்ப் படைத்தலைவனோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து அதில் பேசிப் பழகுவதுதான் கடினம்.

விதி என்று சொல்லி இவற்றையெல்லாம் ஒதுக்குவோர் உண்டு. ஊழின் வலிமையைப் பாடிய வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தவன், அளந்து பார்க்காத காரியத்தின் விளைவை ஊழின் கணக்கில் எழுத மாட்டான். ஆயினும், அளவைகளுக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு என்பதையும் அந்த விசாரணை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அன்று உயிர் நீத்த தீயணைப்புப் படையினர் 343 பேர். வடக்குக் கோபுரத்தில் இறந்தவர்கள் விஷயத்தில் வானொலியின் குறை ஒரு காரணமேயன்றி முதன்மையான காரணம் அன்று என்று அறிக்கை சொல்லுகிறது. வெளியேறுமாறு பிறந்த கட்டளையைக் கேட்டவர்களில் சிலர், நடக்கமாட்டாதவர்களைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் தங்கள் தோழர்கள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள். கேட்டும் போகாதவனை எந்தக் கட்டத்தில் வைத்து எந்த மதிப்பெண் இடுவது? அவனுக்கு இரண்டு குரல்கள் கேட்டன. கருவியில் வந்ததை விட்டு, அருகே படியில் அமர்ந்திருந்தவனுடைய மூச்சைக் கேட்டான். அவன் செய்தது சுதர்மமா, கட்டளை மீறலா என்று வாசலில் நின்ற நாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது: கட்டளை காதில் விழுந்ததனால்தான் அவன் தங்கியது அவனுடைய தீர்மானம் ஆயிற்று. அது விழாதவனுக்கு அந்தத் தீர்மானமே வாய்க்கவில்லை. கேட்கும் வசதியைத் தருவது உயிரைக் காப்பது மட்டுமல்ல, ஒருவனுடைய தியாகம் அவனுடையதாகவே இருக்கும்படி செய்வதுமாகும்; தெரியாமல் நேர்ந்த சாவைத் தியாகம் என்று பின்னால் அலங்கரிப்பது நம்முடைய குற்றத்துக்கு நாம் போடும் மாலை.

இந்த நோக்கில் பார்த்தால், ஓர் ஊரின் வானொலிப் பரிசோதனை அறிக்கையில் மிகவும் மதிக்கத்தக்க பக்கம், கேட்கும் இடங்களைப் பச்சையாகத் தீட்டிய பக்கம் அல்ல. கேட்காத இடங்களை வீதிப் பெயரோடும் கட்டிடப் பெயரோடும் எழுதி, அதை ஒவ்வொரு வண்டியிலும் வைக்கச் சொல்லும் பக்கம். மரங்கள் தழைக்கும் பருவத்தில் அலை மேலும் தளரும். உலோகப் பூச்சுக் கண்ணாடி பதித்த புதுக் கட்டிடம் ஒன்று எழுந்தால் நேற்றுக் கேட்ட மாடி இன்று கேட்காது. ஆகையால் அந்தப் பக்கத்தை அடிக்கடி திருத்தவும் வேண்டும். அத்தகைய கட்டிடத்தின் முன் வண்டி நிற்கும்போது, கோபுரத்தை நம்பாமல் கருவிக்குக் கருவி நேரே பேசும் அலைவரிசைக்கு மாறுவதும், குரல் எட்டாத திருப்பங்களில் ஆள் நிறுத்திச் செய்தியைக் கைமாற்றுவதும் தலைவனால் ஆகும். அதற்கும் ஆள் போதாமல், உள்ளே ஓர் உயிர் இருப்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தால், அனுப்புவதா வேண்டாமா என்பதை வரைபடம் சொல்லாது. அப்போது தலைவன் முன்னே நிற்பவனிடம், 'மூன்றாவது மாடிக்கு மேல் நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்காது' என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துத்தான் கட்டளை பிறப்பிக்க வேண்டும்.