வயிற்று வலி

என் பழைய இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி என்னை இன்னும் விடவில்லை. பெண், வயது 17, காரணம்: வயிற்று வலி. கையெழுத்து என்னுடையது. பொய்யும் என்னுடையது.

அப்போது நான் கிராம சுகாதாரச் செவிலியர். சாவு நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தப் பெண்ணின் அம்மா நடவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். கூலியை விட முடியாது. நகக்கண்ணில் சேறு காய்ந்திருந்தது. என் நோட்டின் மூலையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, சின்னவ ஒருத்தி இருக்கா. உள்ளதை எழுதிட்டா அவளை யாரு கட்டுவா?" என்றார். அவர் கேட்டபடியே எழுதினேன்.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் விளையும் நன்மையில் மாசு இருக்கக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வெகுநாள் தூங்கினேன்.

வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. மருத்துவமனைக்காரர்கள் எடுத்த கணக்கைப் படித்தபோது அந்தப் பிடி தளர்ந்தது. 1994 முதல் 1999 வரை, சுமார் 1,08,000 பேர் வாழும் ஊர்களில், சாவு விழுந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, நடந்ததை விசாரித்து எழுதினார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 தற்கொலைகள். காவல்துறைப் பதிவுகளிலிருந்து வந்த தேசியக் கணக்கோ அப்போது 11 அளவில் இருந்தது. அதே ஊர்களில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளைத் தனியே பார்த்த, 1992 முதல் 2001 வரைக்குமான இன்னொரு கணக்கில், பெண்பிள்ளைகளில் 148, பையன்களில் 58. ஊருக்கு ஊர் நிலைமை மாறும் என்பது தெரியும். ஆனாலும் 11க்கும் 95க்கும் நடுவில் எத்தனை வயிற்று வலிகள்! போலீஸ், பிரேதப் பரிசோதனை, ஊர்ப்பேச்சு என்று எல்லா வீட்டுக்கும் பயம் இருந்தது. என்னைப் போல எழுதிக்கொடுக்கவும் ஆள் இருந்தது.

ஊரில் சிலர் விதி என்றார்கள், சிலர் பாவம் என்றார்கள். இரண்டுமே அதற்கு மேல் கேட்க விடாத பதில்கள். ஆனால் இலங்கையில் 1995இல் லட்சத்துக்கு 47 தற்கொலைகள் என்று கணக்கு நின்றது. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள்; 2005 வாக்கில் அது ஏறக்குறையப் பாதியானது. அங்கே வீட்டுச் சண்டைகள் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் இடத்தில் அந்த மருந்து இல்லை, பொல்லாத நேரம் கடந்துபோனது, அவ்வளவுதான். சாகத் துணிந்தவர்கள் என்று நாம் சொல்கிற பலர் துணியவே இல்லை. ஒரு சாயங்காலத்தில் மாட்டிக்கொண்டவர்கள். இன்று 104க்கோ 14416க்கோ போன் செய்தால் பேச ஆள் உண்டு. அவளுக்கு அன்று யாரும் இல்லை.

சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது. அந்த நன்மை பொய்யில்லை. ஆனால் மாசில்லாத நன்மை என்று இப்போது சொல்ல மாட்டேன். பேரைத்தான் ஊரிடமிருந்து மறைத்திருக்க வேண்டும். நான் காரணத்தை மறைத்தேன். அதே தெருவில் வளர்ந்த மற்றப் பெண்பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே தாள் அது.

போன மாதம் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அவ பேரு உங்க நோட்டுல இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.