கூவும் காலம்

பங்குனி பிறந்து சில நாட்கள்தாம் ஆகின்றன. வசந்த ருதுவுக்கு இன்னும் சித்திரை பிறந்தாக வேண்டும். ஆனால் இந்த நந்தவனத்துப் பக்ஷிகள் பஞ்சாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. விசுவரூப தரிசனத்துக்கு வந்தவர்கள் கேட்டிருப்பீர்கள்: வேப்பமரத்து உச்சியிலிருந்து, இருள் பிரிவதற்கு முன்பே, ஒவ்வொரு கூவலையும் முந்தையதைக் காட்டிலும் ஒரு படி உயர்த்திக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தி, மறுபடியும் கீழிருந்து தொடங்கிய அந்தக் குரலை. கூவியது ஆண் குயில். கறுத்த மேனி, சிவந்த கண். பழுப்பு உடம்பிலே வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயிலுக்கு இந்த கானம் கிடையாது. குயிலைப் போலப் பாடுகிறாள் என்று மருமகளைப் புகழும் மாமியார்கள் கவனிக்க வேண்டும். (சிரிப்பு)

மார்கழியிலே இந்தக் குயில் எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை. இதே நந்தவனத்தில், இலைகளுக்குள்ளே, பழம் தின்றுகொண்டு மௌனமாக இருந்தது. ஊதாத் தேன்சிட்டைப் பாருங்கள்: ஐப்பசி கார்த்திகையிலே நெஞ்சில் ஒரு கறுப்புக் கோடு தவிர வேறு சோபை இல்லாமல் மஞ்சளாய்க் கிடந்த ஆண்சிட்டு, இப்போது நீலமும் ஊதாவும் பளபளக்கச் செம்பருத்திக்குச் செம்பருத்தி தாவுகிறது, பெண்சிட்டோ சிலந்தி நூலை அலகிலே இழுத்து வந்து கூடு தொங்கவிடப் பார்க்கிறது. குக்குறுவான் மொட்டைக் கிளையிலே உட்கார்ந்து, கன்னான் பாத்திரம் தட்டுவது போல் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் காலத்தை உணர்த்தியவன் யார்? விபூதி யோகத்திலே, ருதுக்களுள் தான் வசந்தம் என்று அர்ஜுனனிடம் சொன்னானே, அவன்தான்.

குயில் என்றவுடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகாமல் இருக்க முடியுமா? பெரியாழ்வாருடைய நந்தவனத்திலே, துளசியின் கீழே அவதரித்த கோதை, நாச்சியார் திருமொழியில் ஐந்தாம் பதிகம் முழுவதையும் குயிலுக்கே கொடுத்துவிட்டாள். புன்னை, குருக்கத்தி, ஞாழல், செருந்தி என்று அது வாழும் சோலையின் மரங்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறாள். என் கிளியை உனக்குத் தோழியாக்கித் தருகிறேன், அவனை வரக் கூவு என்று ஆசை காட்டுகிறாள். கடைசியில், இன்றைக்கு நாராயணனைக் கூவாவிட்டால் இந்தச் சோலையிலிருந்தே உன்னைத் துரத்திவிடுவேன் என்கிறாள். அது பிரணய ரோஷம். நம்மூர்ப் பிள்ளைகள் உண்டிவில்லை வைத்துக்கொண்டு துரத்துவது என்ன ரோஷம்? பெற்றவர்கள் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்க்கிறீர்கள். அந்த உண்டிவில்லைப் பிடுங்கி அடுப்பிலே போடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

குயில் கூடு கட்டுவதில்லை. காக்கை கட்டும் பருவம் பார்த்து, அதன் கூட்டிலே முட்டையிட்டுவிடுகிறது. காக்கை அடைகாக்கிறது, இரை ஊட்டுகிறது, தன் குஞ்சென்றே எண்ணிச் சீராட்டுகிறது. அத்தனையும் காக்கையின் சோறு. ஆனால் வளர்ந்த பிறகு அது கரைகிறதா? கூவுகிறது. பிரஹ்லாதன் வளர்ந்தது யார் வீட்டில்? உண்டது யார் சோறு? ஹிரண்யனுடைய நாமத்தையே ஓதச் சொல்லிக் குருகுலத்திலே உட்கார்த்தினார்களே, குழந்தை என்ன ஓதிற்று? விபீஷணன் லங்கையிலேதானே வாழ்ந்தான்? உபந்நியாசம் தோறும் இதையே சொல்கிறேனென்று சிலர் குறைப்படுகிறார்கள். இன்னும் சொல்வேன். என் வீடு சரியில்லை, ஆபீஸ் சரியில்லை, பகவந்நாமம் சொல்ல எங்கே சௌகரியம் என்று என்னிடம் வருகிறீர்களே, காக்கையின் கூட்டிலே குயிலுக்கு என்ன சௌகரியம் இருந்தது? கரைகிற கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே கூவலாம், அம்மா! தாராளமாகக் கூவலாம்!

இதே வசந்தம் பம்பைக் கரையிலே ஸ்ரீராமனுக்குத் தாபமாக வந்தது. பூத்த மரங்களையும் துணையோடு கூவுகிற பறவைகளையும் பார்த்துப் பிராட்டியை நினைந்து அவன் கலங்க, இளையபெருமாள் தேற்றுகிறார். கிஷ்கிந்தா காண்டத்தின் தொடக்கம் அது. நாளைக்கு அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள்.