இறந்தவரைப் பற்றிப் பேசலாமா?

2020 ஜனவரி 26 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் சென்ற ஹெலிகாப்டர் கலிபோர்னியா மலைச்சரிவில் மோதி விழுந்தது. அவரும் அவருடைய 13 வயது மகளும் உட்பட 9 பேர் மாண்டனர். அவருக்கு வயது 41. தேசமே அழுதது.

2003இல் கொலராடோ மாநிலத்தில் ஒரு பெண் அவர்மீது பலாத்காரக் குற்றம் சாட்டியிருந்தார். அப்பெண் சாட்சி சொல்ல முன்வராததால் மறுவருடம் வழக்குக் கைவிடப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாத பிரையன்ட், அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மரணநாளில் இதை நினைவூட்டிய பெண் நிருபருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. நகைச்சுவைக் கலைஞர் ஒருவரோ அந்த மரணத்தையே கேலி செய்தார்.

நாம் எந்தப் பக்கம்? இறந்தோரை ஏசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதே நபியவர்கள்தாம், ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்துக்குக் கடன் உண்டா என்று விசாரித்தார்கள். ஏசுவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. கடன்பட்டவர் போய்விட்டாலும் கடன் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் அல்லவா? நிரூபணமாகாத குற்றத்துக்குத் தீர்ப்புக் கூற நமக்கு அதிகாரமில்லை. முறையிட்டவரின் வாயை அடைக்கவும் அதிகாரமில்லை.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். ஊர்ப் பெரியவர் மவுத்தாகிறார். அவரால் பங்கு மறுக்கப்பட்ட சகோதரி வாய் திறந்தால், 'மவுத்தானவரைப் பேசாதே' என்று அடக்குகிறோம். இது மையித்துக்குச் செய்யும் மரியாதையன்று. அவருடைய சுமை இறங்கும் வழியை அடைப்பதாகும். அவரைப் புகழுமுன் வாரிசுகள் அந்தப் பங்கைக் கொடுத்து முடிக்கட்டும். அவருக்காக நாம் துஆச் செய்வோம்.