சிவாலய ஓட்டமும் சரியைத் தொண்டும்



ஆன்மாக்கள் வீடுபேறு எய்துதற்குரிய நெறிகளாகச் சைவ நூல்கள் வகுத்த சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள், முதற்கண் நின்ற சரியையைக் கற்றோர் பலர் எளிதென்று கருதிக் கடந்துவிடுகின்றனர். அடியேனும் அங்ஙனம் கருதியிருந்தவனே. பல்லாண்டுகள் சாத்திரம் பயின்றும் பயிற்றியும் உணராத ஒன்றை, சென்ற மாசித் திங்களில் ஓரிரவும் ஒரு பகலும் குமரி நாட்டு வழிகளில் நடந்த நடை உணர்த்திற்று. அதனையே ஈண்டு விண்ணப்பிக்கப் புகுகின்றேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேல்பால், மேற்கு மலைத் தொடரின் அடிவாரம் கடலை நெருங்கி வந்து நிற்பது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்த அந்நாட்டில், பண்டைக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், பன்னிரு சிவாலயங்கள் உள. அவை, முஞ்சிறைத் திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்பன. மகாசிவராத்திரிக்கு முன்னாள் மாலையில் திருமலையிற் புறப்பட்டு, இவ்வனைத்தையும் இம்முறையே கால்நடையாகச் சென்று வழிபட்டு, சிவராத்திரியன்று திருநட்டாலத்தில் நிறைவு செய்வதே சிவாலய ஓட்டம் எனப்படுவது. வழியின் நீளம் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்டதென்பர். அடியார்கள் காவியுடுத்து, வெறுங்காலினராய், கையிற் பனையோலை விசிறி கொண்டு, ஆலயந்தோறும் நீராடி இறைவற்கு விசிறி வீசி வணங்கிச் செல்வர். அவர் வாயினின்று எழும் ஒலியோ, 'கோவிந்தா! கோபாலா!' என்பது.

சிவபெருமானை நாடி ஓடுவோர் திருமாலின் பெயரைக் கூவுதல் என்னையெனின், அதற்கு அந்நாட்டார் ஒரு வரலாறு கூறுவர். தருமருடைய வேள்விக்குப் புருடாமிருகத்தின் பால் வேண்டப்பட, அதனைக் கொணரச் சென்ற வீமனிடம் கண்ணபிரான் பன்னிரண்டு உருத்திராக்கங்களைத் தந்தார். சிவபத்தியிற் சிறந்த அம்மிருகம் திருமாலின் பெயரைக் கேட்கப் பொறாதது. வீமன் அப்பெயரைக் கூவ, அது சினந்து துரத்திற்று. நெருங்கியபோதெல்லாம் அவன் ஓர் உருத்திராக்கத்தை நிலத்திலிட்டான், அஃது இலிங்கமாயிற்று. சினத்தோடு வந்த மிருகம், இலிங்கத்தைக் கண்டவுடன் சினத்தை மறந்து, நீராடிப் பூசித்துப் பின்னரே மீண்டும் துரத்திற்று. பன்னிரண்டாம் இடத்தில், வீமனது ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள்ளும் மற்றொரு கால் அப்பாலுமாக நிற்கையில் அது பற்றிக்கொண்டது. வழக்குத் தருமரிடம் சென்றது. தம்பியென்றும் பாராது, அவன் உடலிற் பாதி மிருகத்திற்குரியதென்று அவர் தீர்ப்பளித்தார். அப்போது அரியும் அரனும் ஒருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சியளிக்க, வழக்கும் பகையும் ஒருங்கே ஒழிந்தன.

அறுபத்து மூன்றாம் வயதில் அடியேன் இவ்வோட்டத்தைத் தொடங்கினேன். மாலையில் முஞ்சிறையிற் புறப்பட்டபோது, கூட்டத்தார் கூவிய பெயரை யான் கூவவில்லை. சித்தாந்தம் கற்ற எனக்கு இவ்வொலி எற்றுக்கு என்று வாய் வாளாதிருந்தேன். திக்குறிச்சி ஆற்றங்கரையில் இருளாயிற்று. திற்பரப்பில் அருவியொலி கேட்டபோது நள்ளிரவு கழிந்திருந்தது. இரப்பர்த் தோட்டங்களினூடே ஏறியும் இறங்கியும் பொன்மனையை அடைகையில் பொழுது புலர்ந்தது. வழிநெடுக இல்லத்தார் வாயிலில் நின்று சுக்குநீரும் மோரும் பானகமும் வழங்கினர். பன்னிப்பாகம் கடந்தபின் தார்ச்சாலை கொதித்தது, உள்ளங்கால் கொப்புளித்தது. கல்குளத்தில் நீலகண்டப் பெருமானை வணங்கி, எட்டாவதாகிய மேலாங்கோட்டை அடைந்தபோது முழங்கால் மடங்க மறுத்தது. குளத்துப் படியில் அமர்ந்தவன் எழ மாட்டாதவனானேன்.

இரவு முழுதும் முன்னும் பின்னுமாக நடந்து வந்த இளைஞரொருவர் அருகே வந்தார். இரப்பர்ப் பால் வெட்டும் தொழிலினர் என்று வழியிற் கூறியிருந்தார். குனிந்து, "பாட்டா, உங்களுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

அச்சொற் செவிப்பட்டதும் அடியேன் தலை கவிழ்ந்தேன். ஏனெனின், சரியையின் இலக்கணம் உரைக்குமிடத்துச் சிவஞான சித்தியார், திருக்கோயில் அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், விளக்கிடுதல் முதலியவற்றைக் கூறி, அடியாரைக் கண்டால் யான் செய்யத்தக்க பணி யாது என்று வினவிப் பணி செய்தலையும் உடன் வைத்தது. அப்பகுதியை மாணாக்கர்க்கு எத்துணையோ முறை விரித்துரைத்தேன்; ஒருமுறையேனும் எவரிடத்தும் அவ்வாறு வினவியதில்லை. நூல் அறியாத அவர் அதனைச் செய்தார். என் விசிறியை அவர் கையிற் கொடுத்தேன். எஞ்சிய நான்கு தலங்களிலும் தம் விசிறியோடு என் விசிறியையும் வீசுவதாகக் கூறி அவர் நடந்தார். அடியேன் பிறர் மோட்டார் வண்டியில் திருநட்டாலம் சேர்ந்தேன்.

ஈண்டு ஒரு கடா நிகழும்: வண்டியிற் சென்றே பன்னிரு தலங்களையும் ஒரு பகலிற் காணலாகுமே, நடந்து வருந்துதலாற் பயன் யாது எனின், கூறுதும். பாதம் கன்மேந்திரியம் ஐந்தனுள் ஒன்று. கமனம் அதன் தொழில். அது நம் விருப்பிற்கு இயங்குங்காறும் 'யான் நடக்கின்றேன்' என்னும் செருக்கும் உடன் நடக்கும். அஃது ஓய்ந்தவிடத்தே, நடப்பித்தவன் வேறொருவன் என்பது புலனாகும். கயிலையை நோக்கி நடந்த அப்பரடிகளுக்குக் காலும் கையும் மார்பும் தேய்ந்தன. காட்சியோ திருவையாற்றிற் கிடைத்தது. ஆளுடைய பிள்ளையார் நடந்து வருந்துதலைப் பொறாது, திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகை அருளினான் இறைவன். ஒருவரை நடப்பித்ததும் ஒருவரை ஊர்வித்ததும் ஒரே திருவருள். ஆகலின், நடையும் ஊர்தியும் அன்று, செருக்குத் தேய்தலே பொருளென்க.

இனி, எட்டுத் தலங்கள் நடந்து நான்கு தலங்கள் விடப்பட்ட என் நோன்பு குறையுடைத்தோ என்னும் வருத்தம் திருநட்டாலம் வரை நீங்கவில்லை. மகாதேவர் சந்நிதியை வணங்கிச் சங்கரநாராயணர் திருமுன் நின்றபோது, வீமனது பாதியுடல் நினைவிற்கு வந்தது. சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரம் ஆன்மாவைச் சதசத்து என நிறுவுகின்றது. சத்தும் அன்றி அசத்தும் அன்றி, இரண்டையும் அறிவதாய், சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது அஃது. ஒரு கால் இப்புறத்தும் ஒரு கால் அப்புறத்துமாக நின்ற வீமன் நிலையும் ஒருபுடை இதுவே. தருமரின் நீதி அவனைப் பாதியாகப் பிளந்தது. இறைவனோ பாதியுருவோடு தானே வந்து பிளவை ஒழித்தான். நம் குறையை அளக்கும் கோல் நீதியின் கையிலுளது. அருளின் கையில் இல்லை.

அரியும் இறைவனது சத்தியே என்பது நம் நூல்களின் துணிபு. அதனை வாயாற் கற்பித்த யான், வழியில் அப்பெயரைக் கூவ நாணினேன். பகைமூட்டக் கூவிய பெயருக்கும் அடிதோறும் ஓர் இலிங்கம் எழுந்ததன்றோ? இரவு மூன்றாம் யாமத்தில் அவ்விளைஞர் இரண்டு விசிறிகளோடும் வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் அடியேனும் வாய்விட்டு, 'கோவிந்தா! கோபாலா!' என்றேன். பின்னர், அவர்க்கு யான் செய்யத்தக்கது யாது என்று கேட்டேன். தண்ணீர் வேண்டுமென்றார், முகந்து கொடுத்தேன். அடியேன் அறிந்து செய்த முதற் சரியை அதுவே.

திருச்சிற்றம்பலம்.