உடையவனும் பேணுபவனும்

ஒரு பொருள் ஒருவனுக்கு உரியது என்று கூறும்போது நாம் எதனைக் கூறுகிறோம்? விலை கொடுத்தான், பத்திரம் பெற்றான், ஆகவே அது அவனுடையது என்பது நீதிமன்றம் தரும் விடை. நிலத்துக்கும் நகைக்கும் இவ்விடை ஒருவாறு பொருந்திவிடுகிறது. உடையவன் திரும்பிப் பாராவிட்டாலும் நிலம் நிலமாகவே கிடக்கும். நகை பெட்டிக்குள் உறங்கும். கப்பலின் கதை வேறு. பேணுவோரின் கை ஓய்ந்த நாளிலேயே கடலில் மிதக்கும் கலம் அழியத் தொடங்குகிறது. எனவே உடைமை என்பதன் உண்மை இயல்பை ஆராய விரும்புவோர் கப்பலை நோக்குதல் நன்று.

திருகோணமலையை அடுத்துக் கப்பல்துறை என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. துறை என்னும் சொல்லைத் தமிழ் பல பொருளில் வழங்குகிறது. கலம் அணையும் இடம் துறை; தொழிலின் பிரிவு துறை; அறிவின் பிரிவும் துறையே. கலமும் தொழிலும் அறிவும் ஓரிடத்தில் கூடாவிட்டால் துறைமுகம் வெறும் நீர்ப்பரப்பாகிவிடும்.

திருகோணமலையைப் பேரரசுகள் ஏன் விரும்பின என்று கேட்டால் இவ்வுண்மை தெளிவாகும். பாய்க்கப்பல் காலத்தில் வங்காள விரிகுடாவிற் போரிட்ட கடற்படைகளை அச்சுறுத்தியது எதிரியின் பீரங்கி மட்டுமன்று. மாரிகாலப் புயலும் அச்சுறுத்தியது. சோழமண்டலக் கரையில் பெருங்கப்பலை ஒதுக்கிச் செப்பனிடத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. பழுதுற்ற ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய் வரை செல்ல வேண்டியிருந்தது. எக்காற்றுக்கும் அடைக்கலம் தரும் திருகோணமலை எவர் கையில் இருந்ததோ அவர் தம் கப்பல்களைப் போர்க்களத்தின் அருகிலேயே திருத்திக்கொள்ளலாம். 1782 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பறித்ததும், 1795 இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதைக் கைப்பற்றியதும், 1957 வரை கடற்படைத் தளமாக வைத்துக்கொண்டதும் இக்காரணத்தால் பெரிதும் விளங்கும்.

1944 ஆகஸ்டு 8 ஆம் நாள் அங்கு நிகழ்ந்த விபத்தும் பழுதுபார்ப்பின் வரலாற்றைச் சேர்ந்ததே. 'வேலியன்ட்' என்னும் போர்க்கப்பலைத் தூக்கி நிறுத்திய மாபெரும் மிதக்கும் செப்பனிடுதுறை அப்பாரம் தாங்காது முறிந்து மூழ்கியது. திருத்தப்பட வந்த கப்பலின் சுழலிகளும் சுக்கானும் சேதமுற்றன. பேரரசின் வலிமை முழுவதும் திருத்துவோரின் அறிவின் மீதும் கவனத்தின் மீதும் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிற்று. எனினும் நம் பாடநூல்களில் தளபதிகளின் பெயர்கள் உண்டு. பலகையின் இடுக்கில் பஞ்சு அடைத்த கைகளுக்குப் பெயர் இல்லை.

இன்று அதே துறைமுகத்தில் வேறுவகைக் கலங்களையும் காண்கிறோம். ஆண்டின் முதல் மாதங்களில், வாடைக்காற்றைத் துணைகொண்டு கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் சிறு பாய்க்கப்பல்கள் சில அங்கு நங்கூரமிடுகின்றன. அவற்றின் உடைமையாளரே அவற்றின் மாலுமிகள். பெருஞ்செல்வர் சிலர் அவருள் இருக்கலாம். வீட்டை விற்றுக் கலம் வாங்கியோரும் உளர். உல்லாசப் பயணிகள் என்று நாம் எளிதாக ஒதுக்கிவிடும் இவர்களிடம் ஒரு புதுமை உண்டு. அடித்தட்டிற் படிந்த கொட்டலசைச் சுரண்டுபவன் உடையவனே. கிழிந்த பாயைத் தைப்பவனும், இயந்திரத்தின் அடியில் புகுந்து எண்ணெயில் தோய்ந்து வெளிவருபவனும் அவனே. நம் சமுதாயத்தில் உடையவன் ஒருவன், உழைப்பவன் இன்னொருவன். இங்கோ இருவரும் ஒரே உடலில் இருக்கின்றனர்.

அவன் செய்யும் வேலை எத்தகையது? கடல்நீரில் இருவேறு உலோகங்கள் தொடுப்புற்றிருந்தால் அவற்றுள் ஒன்று அரிக்கப்படும். ஆகவே சுழலியின் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டையைப் பூட்டுகிறார்கள். கடல் அதைத் தின்னும், வெண்கலம் தப்பும், தின்று தீர்ந்ததும் புதிய கட்டை பூட்டவேண்டும். பாயின் துணி நைவதற்கு முன்பே அதன் தையல் நூலை வெயில் அரித்துவிடுகிறது. கண்ணாடியிழை உடலிலும் காலப்போக்கில் நீர் ஊறிக் கொப்புளம் எழும். மரக்கலமாயின் தொல்லை இன்னும் பெரிது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு வெளியே சிறு துவாரம் மட்டும் காட்டி உள்ளே பலகையைச் சல்லடையாக்கிவிடும். கலம் கரையில் நெடுநாள் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விரியும். நீரில் இறக்கினால் ஊறிப் பருத்து இறுகும். எந்த இடுக்கில் எவ்வளவு பஞ்சும் நாரும் திணிப்பது, குங்கிலியச் சாந்தை எப்போது பூசுவது என்ற கலப்பற்று வேலையின் நுட்பம் நம் ஓடாவிமாரின் கைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. அதிகம் திணித்தால் பலகை ஊறும்போது பிதுங்கும், குறைத்தால் ஒழுகும். அளவைக் கை அறியும்.

இவ்வேலைக்கு முடிவு இல்லை. புதிதாக ஒன்றும் இதனால் தோன்றுவதில்லை. நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது, அவ்வளவே. இக்காரணத்தால்தான் பேணுதல் படைத்தலுக்குக் கீழானது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. மார்க்ஸ் 'மூலதன'த்தில் இதற்கு மறுப்பாக அமையும் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். பயன்படுத்தப்படாத இரும்பு துருவேறும், மரம் உளுத்துப்போகும். உயிருள்ள உழைப்பு தீண்டினாற்றான் அவை சாவிலிருந்து மீளும் என்பது அவர் கருத்து. அந்நூலின் இரண்டாம் பாகத்தில் இன்னுமொன்றைக் காட்டுகிறார். ஆலையில் இயந்திரத்தைத் துடைத்துத் துப்புரவாக்கும் வேலையைத் தொழிலாளர் இடைவேளைகளிற் கூலியின்றிச் செய்தனர். விபத்துகளுக்கு அதுவே பெருங்காரணமாயிற்று. பேணும் உழைப்பு கணக்கில் வராத உழைப்பு. வீட்டில் பெண்கள் நாள்தோறும் செய்யும் வேலைக்கும் இதுவே கதி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பொருளின் 'தான்' என்பது எதில் இருக்கிறது என்ற பழைய தத்துவக் கேள்வியும் இங்கு எழுகிறது. தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பேணிவந்தனர். உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை பொருத்தினர். எல்லாப் பலகைகளும் மாறியபின் அது அதே கப்பல்தானா என்று தத்துவ வாதிகள் வாதிட்டதாகப் புளூட்டாக் எழுதுகிறார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் கேட்டார். பலகையை மட்டும் நோக்குவோருக்கு இக்கேள்வி தீராத புதிர். பலகையை மாற்றிய கையை நோக்குவோருக்கு அவ்வளவு கடினமானதன்று.

அமெரிக்க மாலுமி ஜோசுவா ஸ்லோக்கம் இதை வாழ்ந்து காட்டினார். ஃபெயர்ஹேவன் என்ற ஊரின் மேய்ச்சல் நிலத்தில் கைவிடப்பட்டு நின்ற பழைய சிப்பிப் படகு ஒன்று அவருக்குக் கிடைத்தது. பொருட்செலவு 553 டொலர் 62 சதம், உழைப்பு 13 மாதம். அநேகமாக ஒவ்வொரு பலகையையும் தாமே மாற்றினார். பெயர் மட்டும் பழையது: 'ஸ்பிரே'. 1895 இல் அதில் தனியே புறப்பட்டு 1898 இல் உலகைச் சுற்றி மீண்டார். சிறிது சிறிதாகத் திருத்தி முழுவதும் புதிதானாலும் கலம் அதே கலம் என்பதே அவர் எடுத்த நிலை. நாமும் அவ்வாறே கருதுகிறோம். தொடர்ந்து வருவது மரமன்று. மரத்தை விழாமல் தாங்கிவரும் உழைப்பே.

இம்முடிவு சரியாயின், உரிமை பற்றிய முடிவும் அதிலிருந்து பிறக்கவேண்டும் அன்றோ? இரு கப்பல்களின் வரலாற்றை ஒப்புநோக்குவோம்.

ஒன்று, நம் துறைமுகத்தின் பெயர் தாங்கிய 'திருகோணமலை' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல். வாடியா குடும்பத்தாரின் தலைமையில் பம்பாயில் மலபார்த் தேக்கினாற் கட்டப்பட்டு 1817 இல் நீரில் இறக்கப்பட்டது. 1990 முதல் 2001 வரை இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் பெரும்பாடுபட்டுத் திருத்தப்பட்டு இன்றும் மிதக்கிறது. பேணுவோர் இருந்தனர், பேணுவதற்குப் பொருளும் இருந்தது. ஆகவே இருநூறு ஆண்டு கடந்தும் நிற்கிறது.

மற்றது, வல்வெட்டித்துறையில் உள்ளூர் மேத்திரிமார் கட்டிய 'அன்னபூரணி'. உலகைச் சுற்றிப் பெயர்பெற்ற அமெரிக்கர் வில்லியம் அல்பேட் ராபின்சன் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938 இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் நிறுத்தினர். ராபின்சன் வெறும் பணக்காரர் அல்லர். கலத்தின் நலம் தீங்கு அறிந்த கடலோடி. நம்மவர் கைத்திறனின் அருமையை உணர்ந்தே வாங்கினார். ஆயினும் கரைசேர்ந்தபோது கப்பலின் பெயர் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்', அது உடையவரின் மனைவியின் பெயர். சட்டப்படி இதிற் குற்றம் காண இயலாது. விலை கொடுத்தவருக்குப் பெயரிடும் உரிமை உண்டு. கட்டிய கைகளும் கடல் கடத்திய கைகளும் அதன்மேல் எவ்வுரிமையும் அற்றவை என்று சொல்லும் சட்டம் நீதியை முழுவதும் சொல்லிவிட்டதா என்பதே நம் கேள்வி.

மறுப்பு ஒன்று எழலாம். பேணுபவனுக்கே பொருள் என்றால், பிறர் வீட்டைத் துடைப்பவனுக்கு வீடும், பிறர் காரைத் திருத்துபவனுக்குக் காரும் சொந்தமாகிவிடுமா? அவ்வாறு நாம் கூறவில்லை. தன் கலத்தைத் தானே திருத்தும் கடலோடியின் உடைமையும் அவனது கைப்பாட்டால் மட்டும் உண்டானதன்று. அவன் பாயின் துணியை எங்கோ ஓர் ஆலையில் நெய்தனர். சாயத்தையும் பிசினையும் வேறெங்கோ காய்ச்சினர். நீரும் எண்ணெயும் கொண்டுவந்து தருபவன் உள்ளூர்ப் படகோட்டி. தனியொருவன் பேணும் பொருள் என்று உலகில் எதுவும் இல்லை.

அவனிடம் நாம் கற்கவேண்டியது மற்றொன்று. தன் கலத்தை எப்போது கரையேற்றுவது, எந்தப் பலகையை மாற்றுவது, எந்தக் காற்றில் புறப்படாதிருப்பது என்பதை அவனே தீர்மானிக்கிறான். கை எதை அறிகிறதோ அதன்படி முடிவும் அமைகிறது. கூலிக்குத் திருத்துபவனோ பலகை உளுத்திருப்பதை அறிந்தும் வாய்மூடி நிற்கவேண்டும். புறப்படும் ஆணை கரையிலிருந்து வரும். இரண்டும் ஒரே வேலை, ஒரே வியர்வை. ஒன்று மகிழ்ச்சியாகவும் மற்றது சுமையாகவும் இருப்பதற்குக் காரணம் முடிவு யார் கையில் என்பதே. ஆகவே அக்கடலோடியின் மகிழ்ச்சியை நாம் பழிக்கவேண்டியதில்லை. சிலருக்கு ஓய்வுக்காலச் சலுகையாக வாய்த்திருப்பது எல்லா உழைப்பாளருக்கும் அன்றாட நியதியாக ஏன் அமையலாகாது என்று கேட்கவேண்டும். பேணுபவரைக் கேளாது பேணப்படும் பொருளைப் பற்றி முடிவு செய்யலாகாது: இந்த ஒரு நெறியை ஏற்றுக்கொண்டாலே பெரும் மாறுதல் விளையும்.

இந்நெறி மீறப்பட்டதன் விளைவைக் கிழக்குக் கரை அனுபவித்துள்ளது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் இயந்திர வலுவுக்கும் தடைகள் இருந்தன. கடலுக்குப் போகாத வள்ளம் கரையில் காய்ந்தது. திருத்த வேலையின்றி ஓடாவியின் உளியும் ஓய்ந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எஞ்சியவற்றையும் வாரிச் சென்றது. பின்னர் உதவி நிறுவனங்கள் படகுகளை வாரி வழங்கின. நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் தரங்குறைந்த படகுகள் வந்தன. சில இடங்களில் அந்தக் கடலுக்கு ஒவ்வாத படகுகள் வந்தன. முன்பு இருந்ததினும் அதிகமாகச் சிறுபடகுகள் குவிந்தன. எத்தகைய படகு வேண்டும், அதை இங்கே திருத்த முடியுமா என்று அதைப் பேணப்போகும் கைகளைக் கேட்டோர் மிகச் சிலரே. பத்திரம் கைக்கு வந்தது; பேணும் ஆற்றல் உடன் வரவில்லை. திருத்தும் வழியின்றித் தரப்பட்ட கொடை அரைக்கொடையே.

சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த 99 எண்ணெய்த் தாங்கிகளின் கதையும் இதுவே. 1987 இலும் 2003 இலும் 2022 இலும் அவை எவருக்கு உரியவை என்று அரசுகள் எழுதிக் கையொப்பமிட்டன. பத்திரங்கள் புதுப்பிக்கப்பட்டன, தாங்கிகளிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காட்டுக்குள் துருவேறிக் கிடந்தன. ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி என்று நம் முன்னோர் சொன்னது நகைப்புக்காக மட்டும் அன்று. மாலுமிகள் ஒன்பதின்மர் வந்தும் ஓட்டையை அடைப்பவன் ஒருவனும் இல்லை என்பதே அப்பழமொழியின் துயரம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிற் செய்யத்தக்கது உண்டு. படைத்தவரின் பெயரைக் கற்பிக்கும் வகுப்பில் பேணியவரின் தொழிலையும் கற்பிக்கலாம். எஞ்சியிருக்கும் ஓடாவிமாரின் சொற்களையும் கருவிகளையும் முறைகளையும் அவர்கள் வாய்மொழியாகவே எழுதிவைக்கலாம். பழுதுபார்க்கும் தொழிலைத் தேர்வில் தவறியவர்களின் புகலிடமாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிடலாம். அதற்கும் மேலாக, துறைமுகத்தைப் பற்றியோ படகைப் பற்றியோ பாடசாலையைப் பற்றியோ முடிவெடுக்கப்படும் இடங்களில், அவற்றை நாள்தோறும் தாங்கி நிற்போருக்கு இருக்கை உண்டா என்று கேட்கலாம். அவ்விருக்கை கிடைக்கும்வரை உடைமை என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். கலம் மெல்ல மெல்ல நீர் புகுந்துகொண்டிருக்கும்.