துணிக்குக் காவல்

டிசம்பரில் ஆர்லாண்டோ போவது என்று முடிவாகி, மகள் அட்லாண்டாவிலிருந்து ஒரு எக்ஸெல் தாள் அனுப்பியிருந்தாள். போனில் எழுத்து பொடியாகத் தெரிந்ததால், தென்காசிக்குப் போன இடத்தில் அச்செடுத்து வந்தேன். நான்கு பக்கம். காரில் சுமார் 700 கிலோமீட்டர் பயணம், வழியில் எங்கே நிறுத்துவது, எந்த நாளில் எந்தப் பூங்கா, எந்த ராட்டினத்தில் யார் யார் ஏறலாம், மதியச் சாப்பாடு எங்கே என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். ஸ்பேஸ் மவுண்டன் என்ற வரியில் தனக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் டிக் அடித்திருந்தாள். அதில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். பேத்திக்கு நாலு வயது, 40 அங்குலம்தான் இருக்கிறாள். அவள் கட்டத்தில் பெருக்கல் குறி. என் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அதில், "பிள்ளைய நான் பார்த்துக்கிடுதேன்" என்று எழுதினேன். அடுத்த வரிக்கும் எழுதினேன். அதற்கடுத்த வரிக்கும். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எழுதிக்கொண்டே போகிறேன்.

இந்தக் கைப்பழக்கம் குற்றாலத்தில் வந்தது.

நான் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தது 1986-இல். சனீஸ்வரர் சன்னதிக்காக எங்கள் ஊர் மதுநாதர் கோயிலைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவார்கள். எங்கள் வீட்டைத் தேடி வந்தவர்களோ எல்லாரும் அருவிக்காக வந்தவர்கள். ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கி, முகத்தில் சாரல் பட்டதும் சிவகாசி, விருதுநகர், தூத்துக்குடியிலிருந்து சொந்தக்காரர்களின் கடிதம் வரும். பிறகு கடிதம் போய் எஸ்.டி.டி. வந்தது, இப்போது வாட்ஸ்அப். கேள்வி மட்டும் ஒன்றேதான்: "தண்ணி விழுதா?" விழுகிறது என்று சொன்னால் சனிக்கிழமை ராத்திரி வாசலில் வேன் நிற்கும்.

கூட்டம் சேருமுன் குளித்துவிட வேண்டும் என்று விடியுமுன் கிளம்புவோம். முதல் நாளே புளி காய்ச்சி வைத்து, மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்துக் கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்து, பிள்ளைகளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைத் தூக்குவாளியில் அடுக்கி எடுத்துப்போவேன். பேரருவிக்கு முன்னால் இறங்கியதும் பெரிய கொழுந்தன் கேட்பார்: "துணிமணிய யாரு பார்த்துக்கிடுதா?" பதில் வருமுன் நான் உட்கார்ந்திருப்பேன். ஆண்களின் வாட்ச், மணிபர்ஸ், பெண்கள் கழற்றிக் கொடுத்த சங்கிலி, கம்மல் எல்லாம் என் மடியில். சுற்றிலும் இருபது ஜோடிச் செருப்பு. தலை துவட்டத் துண்டு கேட்டு நடுங்கிக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள். முப்பது வருடத்துக்கு மேல் இப்படி இருந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் அந்த இடம் என் மாமியாருடையது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஆனியில், அத்தைக்குக் கால் வலிக்குமே என்று, "நீங்க போய்க் குளிங்கத்தை, நான் இருக்கேன்" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். பெண்கள் பகுதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. திரும்பி வரும்போது கண்ணெல்லாம் சிவந்து, புதுப்பெண் மாதிரி சிரித்தார். இருபத்தைந்து வருடம் அருவிக்குப் பக்கத்து ஊரில் வாழ்ந்தவர், குடும்பத்தோடு வந்த நாளில் முழுசாக நனைந்தது அன்றைக்குத்தான். அதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண்ணிடமிருந்த காவல் இன்னொரு பெண்ணிடம் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது என்று புரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

குளிக்காமலே இருந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். சொந்தக்காரர்கள் ஊர் திரும்பியதும், ஆடியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு மதினியும் நானும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்தருவிக்குப் போய்வந்து பத்து மணிக்குள் உலை வைத்திருக்கிறோம். கரையில் உட்கார்ந்ததிலும் கிடைத்தது உண்டு. பேரருவியில் மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, பொங்கி, அங்கிருந்துதான் அகலமாக விரிந்து இறங்குகிறது. அடியில் நிற்பவர்களால் கண்ணைத் திறக்க முடியாது. இதைப் பார்க்க வாய்த்தது கரையில் இருந்தவர்களுக்குத்தான். தண்ணீரின் நிறம் கலங்குவதை முதலில் காண்பவர்களும் அவர்களே.

காவல் வெறும் துணிக்கானது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மே 17 அன்று, மலையில் பெய்த மழை பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளமாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு மேலே ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் வெள்ளத்தோடு போய்விட்டான். அந்தச் செய்தி வந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முப்பது வருடமாக மடியில் பையை வைத்துக்கொண்டு நான் செய்துகொண்டிருந்தது தலைகளை எண்ணுவதுதான். பச்சைத் துண்டு, சிவப்புத் துண்டு, மொட்டைத் தலை, பெரியவன், சின்னவன். ஒன்று குறைந்தால் எழுந்து நின்றுவிடுவேன். இப்போது பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தொட்டால் போலீஸ் எல்லாரையும் வெளியேற்றிவிடுகிறது. ஆனாலும் தன் பிள்ளையின் தலையைத் தேடுகிற கண் கரையில் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆகவே கரையில் யாருமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆளாக ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பத்து வருடம் முன்பு செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொச்சி வொண்டர்லாவுக்குப் போனோம். 2000-இல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய பூங்கா அது. வாசலிலேயே பிள்ளைகளை உயரம் அளந்தார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை, 140-ஐத் தாண்டினால் பெரியவர் கணக்கு. உள்ளே பைகளை வைத்துப் பூட்ட வாடகைக்கு லாக்கர் இருந்தது. பூட்டிச் சாவியையும் வாங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகும் அலைக்குளத்து ஓரத்தில் நிழல் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன். என் வயசுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதுரை, நாகர்கோவில், கோயம்புத்தூர் என்று பேச்சு வந்தது. ஒருவர் மடியில் ஒரு பையும் இல்லை, ஆனாலும் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தார். பை ஒரு சாக்கு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். முழங்கால் வலி, ஊரார் முன்னால் நனையக் கூச்சம், மாதத்தின் அந்த மூன்று நாள், நம்மைக் கேட்கவே இல்லையே என்ற வருத்தம் எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் போட்டுத்தான் இத்தனை வருடம் மடியில் வைத்திருந்தோம்.

தாளில் எழுதியதை மகளிடம் போனில் வாசித்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வாரே? உன்னை வச்சுத்தாம்மா இந்த ட்ரிப்பே" என்றாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். லாஸ் ஏஞ்சலிஸில் கிரிஃபித் பூங்கா என்று ஒன்று. அங்கே வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களையும் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கிற மாதிரி ஓர் இடம் இருக்கக் கூடாதா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-இல் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆரஞ்சுத் தோப்புகளுக்கு அப்போது பெயர்போன ஆர்லாண்டோ பக்கம் வாங்கிய நிலத்தில் 1971 அக்டோபர் 1-இல் அடுத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1966-லேயே இறந்துவிட்டார். அந்த கிரிஃபித் பூங்கா பெஞ்சு ஒன்றை டிஸ்னிலேண்டில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

உலகத்திலேயே பெரிய கேளிக்கைத் தொழில் ஒன்று, ராட்டினத்தில் ஏறாமல் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனின் மனசிலிருந்து வந்திருக்கிறது. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்த அந்த ஒருவருக்குத் தான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. எங்கள் அருவிக்கரையில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்த நாங்கள் ஏன் கேட்கவில்லை?

டிஸ்னி பூங்காவில் ரைடர் ஸ்விட்ச் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். உயரம் போதாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வெளியே நிற்கலாம். மற்றவர்கள் போய்வந்ததும், நின்றவர் மறுபடி நீண்ட வரிசையில் காத்திருக்காமல் உள்ளே போகலாம். லைட்னிங் லேன் என்று காசு கட்டி வரிசையைக் குறைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அவர்களுடைய ஓட்டலில் தங்கினால் 7 நாள் முன்பாகவும், இல்லையென்றால் 3 நாள் முன்பாகவும் பதிந்துகொள்ளலாம். இந்தக் காசு விவகாரத்தில் எனக்கு ஒட்டுதல் இல்லை. காத்திருந்தவருக்கு அவர் முறையைத் திருப்பிக் கொடுக்கும் முதல் ஏற்பாடு மனசுக்குப் பிடித்தது.

முறை என்பது எங்களுக்குத் தெரியாத சொல்லா? எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இந்த வயலுக்கு இத்தனை மணி நேரம், ராத்திரி இரண்டு மணிக்கு முறை வந்தாலும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும். தலைமடைக்காரர்கள் இஷ்டத்துக்கு விட்டால் கடைமடை காய்ந்துவிடும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் முறை வைத்தார்கள். வயலுக்கு இவ்வளவு நியாயம் பார்த்த வீடுகளில், அருவிக்குப் போகும் நாளில் அந்த நியாயம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஒரு குடும்பம் பயணத்துக்குத் திட்டம் போடும்போது கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. மெதுவாக நடக்கும் கால் எது, பசி தாங்காத வயிறு எது, இருந்துகொள்கிறேன் என்று கேட்குமுன்னே சொல்லிவிடுகிற வாய் எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓடுகிற பிள்ளைகள் எப்படியும் ஓடிக்கொள்வார்கள்.

"சரி, உனக்கு அங்க என்னம்மா பார்க்கணும்?" என்று மகள் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இத்தனை பயணம் போயிருக்கிறேன், இந்தக் கேள்விக்கு மனசில் ஒரு விடை தயாராக இல்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பேரன் ஒவ்வொன்றாக வீடியோ அனுப்பினான். எப்காட் என்ற பூங்காவில் லிவிங் வித் தி லேண்ட் என்று ஒரு படகுப் பயணம் இருக்கிறது. உயரக் கட்டுப்பாடு கிடையாது. மெதுவாகப் போகும் படகில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மண்ணில்லாமல் வளர்கிற காய்கறிச் செடிகளுக்கு நடுவே போகலாம். அதைச் சொன்னேன். பிறகு, பழம் தொங்குகிற ஆரஞ்சு மரத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். என் வீட்டுக்காரர் வரவில்லை. டிசம்பரில் பிசான நெல் பயிராக நிற்கும், வயலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று தங்கிவிட்டார். மண்ணில்லாத தக்காளியையும் அந்த ஊர் ஆரஞ்சையும் அவருக்கு வந்து சொல்ல வேண்டும்.

நேற்று புதுத் தாள் வந்தது. எப்காட் நாளில் படகு முதல் வரிக்கு வந்திருக்கிறது, ஐந்து பேருக்கும் டிக். ஒரு பிற்பகலுக்கு ஆரஞ்சுத் தோப்பு. ஸ்பேஸ் மவுண்டன் வரியில், பேத்தியோடு முதலில் நிற்பவர் மருமகன், அடுத்து மகள். அந்த நேரத்தில் நானும் பேத்தியோடு இருப்பேன், ஆனால் காவலாக இல்லை, அவளோடு ஐஸ்கிரீம் சாப்பிட.

சாரலுக்கு எங்கள் பக்கம் வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடையநல்லூரைத் தாண்டி மலை கண்ணுக்குத் தெரிந்ததும், வேனுக்குள் இருக்கும்போதே காவல் முறையைப் பேசி முடித்துவிடுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் போதும். வழக்கமாகப் பையைப் பிடிக்கிறவரை அன்று முதல் ஆளாகத் தண்ணீருக்கு அனுப்புங்கள். அவர் கழற்றிக் கொடுக்கும் சங்கிலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டின் மூத்த ஆண் முதல் அரை மணி நேரம் கரையில் உட்காரட்டும்.